எதிர்வீட்டு அம்மாவின் ‘விக்டரி’ ரிவால்வர்: பளபளவென்று இருக்கிறது, அரிதானதா?

செந்தில்_டொலீடோ

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது உங்கள் உதவி வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டில் எழுபத்தெட்டு வயது அமெரிக்க அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். பனிக்காலத்தில் அவர் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவேன், அப்படித்தான் பழக்கம். போன வாரம் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே கம்பளிக் காலுறையில் சுற்றிய ரிவால்வர். அவருடைய அப்பாவுடையதாம். சிலிண்டரை வெளியே தள்ளி ஆறு அறையும் காலி என்று பார்த்த பிறகுதான் சரியாகக் கையில் எடுத்தேன்.

பேரல் 5 அங்குலம். அதில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று பெயர், .38 எஸ் அண்ட் டபிள்யூ என்று தோட்டா அளவு. கைப்பிடியின் அடியில் ‘வி’ என்று தொடங்கும் நம்பர். மேலிருந்து கீழ்வரை கண்ணாடி மாதிரி பளபளப்பு. கைப்பிடியில் மான்கொம்பு போல ஒரு பிளாஸ்டிக்.

அப்பா இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையில் பசிபிக் பக்கம் இருந்தவர். போரிலிருந்து கொண்டுவந்தது என்று குடும்பத்தில் பேச்சு. ஒரு துப்பாக்கிக் கண்காட்சிக்கு எடுத்துப்போனபோது ஒரு மேசைக்காரர், “அதிகாரிக்குப் பரிசாகக் கொடுத்த நிக்கல் விக்டரி, 3000 டாலர் போகும்” என்றாராம். பக்கத்து மேசைக்காரர் கையோடு 150 டாலர் தருகிறேன் என்றாராம். அந்த அம்மா குழம்பிப்போய் என்னிடம் கேட்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. யாராவது சொல்லுங்களேன்.

பழைய_இரும்பு

வாங்க தம்பி. காலி என்று பார்த்துவிட்டு எடுத்தது நல்ல காரியம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதையே செய்யுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்தே கொஞ்சம் சொல்லிவிடலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மிலிட்டரி அண்ட் போலீஸ் என்ற ரிவால்வர் 1899ல் வந்தது. 1942ல் அதன் நம்பர் பத்து லட்சத்தைத் தொட்டதும் ‘வி’ என்ற எழுத்தை முன்னால் வைத்துப் புதிதாக எண்ண ஆரம்பித்தார்கள். வெற்றிக்கான எழுத்து அது. அதனால்தான் விக்டரி மாடல் என்கிறோம். ஆக, உங்கள் கையில் இருப்பது போர்க்காலத்தில் செய்தது. அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

முதலாவது, பேரலும் தோட்டாவும். அமெரிக்கக் கடற்படைக்குப் போனவை பெரும்பாலும் 4 அங்குல பேரல், .38 ஸ்பெஷல் தோட்டா. விமானிகள் தோளில் உறை மாட்டி வைத்துக்கொண்டது இதைத்தான். 5 அங்குல பேரலில் .38 எஸ் அண்ட் டபிள்யூ என்றால் அது பிரிட்டனுக்கும் அதன் கூட்டு நாடுகளுக்கும் அனுப்பப்பட்ட வகை. ஐந்து லட்சத்துக்கும் மேல் அப்படிப் போயிருக்கின்றன. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தோட்டா. எஸ் அண்ட் டபிள்யூ குட்டையானது, கொஞ்சம் தடித்தது. ஸ்பெஷல் நீளமானது, ஒல்லியானது.

இரண்டாவது, அந்தப் பளபளப்பு. விக்டரிக்குக் கம்பெனி கொடுத்த நிறம் மங்கலான கருஞ்சாம்பல். மணல் வீசிச் சொரசொரப்பாக்கி அதன்மேல் பாஸ்பேட் பூச்சு. கைப்பிடி வழவழவென்ற வால்நட் மரம், அடியில் கயிறு மாட்ட ஒரு வளையம். போர்க்காலத்தில் யாருக்கும் மெருகேற்ற நேரம் இல்லை. அதனால் உங்களுடையது பின்னால் முலாம் போட்டதாகத்தான் இருக்கும்.

முடிந்தால் இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள். பேரலிலும் சிலிண்டரிலும் பொடிப்பொடியாக முத்திரை ஏதாவது இருக்கிறதா? ஹேமரும் ட்ரிக்கரும்கூட பளபளக்கின்றனவா? கைப்பிடியின் அடியில் வளையம் இருக்கிறதா, அல்லது ஓட்டையை அடைத்த தடம் இருக்கிறதா? அப்புறம் பளபளப்பின் சாயல் மஞ்சளா, நீலமா? நிக்கல் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. குரோம் நீலம் கலந்த வெள்ளை. பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

முரளி87

ஹேமரும் ட்ரிக்கரும் ஏன் அண்ணா?

பழைய_இரும்பு

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்தக் காலத்தில் துப்பாக்கி முழுக்க நிக்கல் போட்டு விற்றாலும் ஹேமரையும் ட்ரிக்கரையும் முலாம் தொட்டியில் போடவில்லை. அவை கேஸ் ஹார்டனிங், அதாவது மேல்தோலைச் சூட்டில் கெட்டியாக்கும் வேலை, செய்த நிறத்திலேயே இருக்கும், மயில் கழுத்து மாதிரி நீலமும் பழுப்பும் கலந்து. இந்த இரண்டும் வெள்ளையாக மின்னினால் வேலை கம்பெனிக்கு வெளியே நடந்தது என்று அர்த்தம். மறுபூச்சைப் பிடிக்க இதைவிடச் சுலபமான அடையாளம் வேறு இல்லை.

கம்பெனியே மறுபூச்சு செய்து அனுப்பியதும் உண்டு. அப்படியானால் கைப்பிடியின் அடியில் ஒரு நட்சத்திரம் குத்தியிருக்கும், மரத்தைக் கழற்றினால் உள்ளே மாதமும் வருடமும் பொடி எண்ணாக இருக்கும். அது ஒரு நேர்மையான தடம். சேகரிப்பவர்கள் அதற்குக் கொஞ்சம் மரியாதை கொடுப்பார்கள்.

கவிதா_அரிசோனா

செந்தில், இரும்பு அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பத்துப் பதினைந்து டாலர்தான். டார்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், எழுத்துகளின்மேல் படுத்த மாதிரி விழச் செய்யுங்கள்.

கம்பெனி எழுத்து உருளையை அழுத்தி உருட்டிப் பதித்தது. அழுத்தும்போது இரும்பு இரண்டு பக்கமும் இம்மியளவு பிதுங்கி நிற்கும். யாரும் தேய்க்காத துப்பாக்கியில் அந்த விளிம்பு நகத்தில் தட்டுப்படும். மெருகு போட்டவர் பஞ்சுச் சக்கரத்தில் வைத்ததும் முதலில் போவது அதுதான். அப்புறம் எழுத்தே ஆழம் குறைந்து, வரியின் கடைசி இரண்டு மூன்று எழுத்து மங்கிவிடும். ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றியும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய இடம் சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தால் சக்கரம் அங்கே இழுத்திருக்கிறது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2014ல் கோல்ட் கம்பெனியின் ரிவால்வர் வகையான சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி வாங்கினேன், 1880களில் செய்தது. சட்டத்தில், அதாவது பேரலும் சிலிண்டரும் பொருந்தும் நடு உடலில், நிறம் அப்படியே பூத்திருந்தது. விற்றவர் “அலமாரியை விட்டு வெளியே வந்ததே இல்லை” என்றார், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோது, பூத்த நிறத்துக்கு அடியில் துரு தின்ற பொடிக்குழிகள். குழிகளின் உள்ளேயும் அதே நிறம்! துரு வந்த பிறகு யாரோ மறுபடி நிறம் போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்க்ரூ தலைகள் கிழிந்திருந்தன. கைப்பிடி மரம் மூலைகளில் மழுங்கித் தேய்ந்திருந்தது, ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு விளிம்பு புத்தம் புதுசு. கை தேய்த்தால் மரமும் இரும்பும் சேர்ந்துதானே தேயும்?

அன்றிலிருந்து ஒவ்வொரு துப்பாக்கியிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறேன். எல்லாப் பாகமும் ஒரே வயதைச் சொல்கிறதா? மரம் நூறு வருடம், சட்டம் ஐந்து வருடம், ஸ்க்ரூ இன்னொரு கதை என்றால் கீழே வைத்துவிடுவேன். தேய்ந்துபோய், நீலம் பழுப்பாகி, நிறமெல்லாம் சாம்பலாக வெளுத்த ஒன்று எல்லா இடத்திலும் சமமாக வெளுத்திருந்தால் அதைத்தான் வாங்குவேன்.

முரளி87

அக்கா, வயது என்றெல்லாம் பார்ப்பதைவிட நம்பர் பார்த்தால் போதாதா? எல்லாப் பாகத்திலும் ஒரே நம்பர் இருந்தால் அசல், இல்லாவிட்டால் கலப்படம். என் நண்பர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

கவிதா_அரிசோனா

பல துப்பாக்கிக்கு அது சரி முரளி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் கைப்பிடியின் அடி, சிலிண்டரின் பின்முகம், பேரலுக்குக் கீழே வெற்றுக் கூட்டைத் தள்ளும் எஜெக்டர் கம்பி படுத்திருக்கும் இடம், வலப்பக்க மரத்தின் உள்பக்கம் என்று நம்பர் இருக்கும். ஒத்துப்போனால் நல்லது.

ஆனால் எங்கள் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனில் உங்கள் விதி தலைகீழாகும் ஓர் இடம் இருக்கிறது. 1873லிருந்து அமெரிக்க ராணுவம் குதிரைப்படைக்காக 7½ அங்குல பேரலோடு இதை வாங்கியது. 1890களில் புதிய .38 ரிவால்வர் வந்ததும் இவற்றைக் கிடங்கில் போட்டார்கள். அப்புறம் 1895 முதல் 1903 வரை ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆயுதசாலையிலும் கோல்ட் தொழிற்சாலையிலும் ஆயிரக்கணக்கில் கழற்றி, பேரலை 5½ அங்குலமாக வெட்டி, செப்பனிட்டுத் திரும்ப மாட்டினார்கள். மாட்டும்போது எந்தச் சட்டத்துக்கு எந்த பேரல் என்று பார்க்கவில்லை. அதனால் ஆர்ட்டிலரி என்று நாம் சொல்லும் அந்தத் துப்பாக்கியில் நம்பர் கலந்திருப்பதுதான் இயல்பு. சட்டத்தில் ஒன்று, பேரலில் ஒன்று, சிலிண்டரில் இன்னொன்று. 1898ல் ஸ்பெயினோடு நடந்த போருக்காகக் கியூபாவுக்குப் போனவற்றில் இவையும் உண்டு. கலப்படம் என்று அதைத் தள்ளினால் வரலாற்றையே தள்ளுகிறீர்கள்.

இதில் ஒரு மோசடியும் நடக்கிறது. குட்டை பேரலைக் கழற்றிப் போட்டுவிட்டு நீளமான பேரலை மாட்டி, பொய் நம்பர் குத்தி, குதிரைப்படைத் துப்பாக்கி என்று விற்பது. அதிலும் ஓ.டபிள்யூ.ஏ. என்ற முத்திரை இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். ஆர்வில் ஐன்ஸ்வொர்த் என்ற ஆரம்பகாலப் பரிசோதகரின் எழுத்து அது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் தளபதி கஸ்டரோடு மடிந்த ஏழாம் குதிரைப்படையிடம் இருந்தவை அவர் சோதித்தனுப்பிய துப்பாக்கிகள். அதனால்தான் அந்த மூன்று எழுத்தைப் பொய்யாகக் குத்த இத்தனை பேர். அங்கே நம்பர் உங்களைக் காப்பாற்றாது. எழுத்தின் வடிவம், குத்தின் ஆழம், அதைச் சுற்றி இரும்பு எப்படி மூப்படைந்திருக்கிறது என்பதுதான் காப்பாற்றும்.

முரளி87

புரிந்தது அக்கா, நன்றி. என் நண்பருக்கும் அனுப்பிவிட்டேன்.

சென்னைவாசகன்

நான் இங்கே படிக்க மட்டும் வருகிறவன். அமெரிக்கத் தளங்களில் 1898 என்ற வருடத்தை ஓயாமல் சொல்கிறார்களே, ஏன்?

பழைய_இரும்பு

1968ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் காரணம் ஐயா. 1898 அல்லது அதற்கு முன் செய்தது கூட்டாட்சிச் சட்டப்படி ‘பழம்பொருள்’. வழக்கமான துப்பாக்கி விதி அதற்குப் பொருந்தாது. மாநிலச் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனில் சுமார் 1,82,000 வரை உள்ள நம்பரை அந்த எல்லைக்குள் சேர்ப்பார்கள். ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கியில் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதற்கு விலை கூட.

ஐம்பது வருடம் ஆனவற்றுக்குச் சேகரிப்பாளர் உரிமம் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கும் துப்பாக்கி மூல நிலையில் இருக்க வேண்டும்.

ராஜன்_மெக்கானிக்

எல்லாரும் தோலைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் எலும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இருபது வருடமாக லேத்தில் நிற்கிறவன் நான்.

செந்தில், துப்பாக்கி காலி என்று மறுபடி பாருங்கள். சிலிண்டரை மூடி, ஒரு விரலால் அதை லேசாகத் தடவிப் பிடித்துக்கொண்டு ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் கடைசி இடத்தில் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டிக்’ என்று பூட்டிவிட வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் திரும்ப இடம் இருந்தால் சிலிண்டரைத் தள்ளிச் சுற்றும் நாக்கு தேய்ந்திருக்கிறது. ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய கோல்ட் டபுள் ஆக்‌ஷனில் இந்தத் தேய்மானம் இன்னும் சீக்கிரம் வரும். அதில் ட்ரிக்கரை முழுக்க இழுத்த நிலையில் அந்த நாக்கு சிலிண்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, ஹேமரை இழுத்து நிறுத்திவிட்டு, ட்ரிக்கரைத் தொடாமல் கட்டைவிரலால் ஹேமரை முன்பக்கம் தள்ளுங்கள். விழவே கூடாது. விழுந்தால் உள்ளே யாரோ அரம் வைத்திருக்கிறார்கள்.

சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். மயிரிழைக்கு மேல் ஆடக் கூடாது. பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டுப் பாருங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் பத்து பாகம் என்றால் நிம்மதி. பேரலின் உள்ளே வெளிச்சம் விட்டு ஒரு கறுப்பு வளையம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி, அதன்மேல் இன்னொன்று போயிருக்கிறது.

இன்னொரு முக்கியமான சோதனை. கடையில் சுட்டு முடிந்த .38 ஸ்பெஷல் வெற்றுக் கூடு ஒன்று வாங்கி அறைக்குள் விடுங்கள். உங்கள் துப்பாக்கி எஸ் அண்ட் டபிள்யூ அளவிலேயே இருந்தால் கூடு பாதியிலேயே முட்டி நிற்கும். முழுக்க இறங்கிவிட்டால் அறையை யாரோ குடைந்து நீளமாக்கியிருக்கிறார்கள்.

வேணு_ஃபீனிக்ஸ்

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். என்னிடம் மேலே மடங்கித் திறக்கும் ஐவர் ஜான்சன் .32 ஒன்று இருக்கிறது. மக்கின்லி அதிபரை 1901ல் பஃபலோவில் சுட்டது இந்த மாதிரிதான் என்று படித்தேன். இப்போதைய தோட்டா போட்டுச் சுடலாமா?

ராஜன்_மெக்கானிக்

வேணு சார், உள்ளே ஸ்பிரிங் எப்படி இருக்கிறது? பட்டையாக இருந்தால் அது 1909க்கு முந்தைய கரிமருந்துக் காலத்தது, இப்போதைய தோட்டா வேண்டவே வேண்டாம். 1909க்குப் பிறகு வந்தவற்றில் சுருள் ஸ்பிரிங், அவை புகையில்லா மருந்துக்காகச் செய்தவை. அப்படி இருந்தாலும் பழகிய ஒரு துப்பாக்கி மெக்கானிக் கையால் பார்த்த பிறகுதான். படம் போட்டுத் தனி இழை தொடங்குங்கள், பேசலாம்.

செந்தில்_டொலீடோ

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை அந்த அம்மாவின் சமையலறை மேசையில் துணி விரித்து, லென்ஸ் வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்டதை எழுதுகிறேன்.

பேரலில் பொடி எழுத்தில் ‘.38’, ‘.767’, ‘3½ டன்’ என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் கிரீடம் மாதிரி முத்திரை. இன்னோர் இடத்தில், பாதி தேய்ந்துபோய், ‘இங்கிலாந்தில் செய்ததல்ல’ என்று ஆங்கிலத்தில். சிலிண்டரில் ஒவ்வோர் அறைக்கும் நேராகக் குட்டிக் கிரீடம். மேல்பட்டையில் அமெரிக்க அரசின் சொத்து என்று ஒரு வரி நிழல் மாதிரி தெரிகிறது. நீங்கள் சொன்னபடி கடைசி எழுத்துகள் போயேவிட்டன.

ஹேமர், ட்ரிக்கர் இரண்டும் பளபளப்பு. கைப்பிடியின் அடியில் வளையம் இல்லை, ஓட்டையை அடைத்து மழித்த வட்டம் இருக்கிறது. சிலிண்டர் நம்பரும் பேரல் நம்பரும் அடி நம்பரும் ஒன்றுதான். பிளாஸ்டிக் கைப்பிடியில் நம்பர் இல்லை.

ராஜன் அண்ணா சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனால் வெற்றுக் கூடு முழுக்க இறங்கிவிட்டது, ஆறு அறையிலும்.

சாயல் நீலம்தான். வெள்ளைத் தாள் பக்கத்தில் வைத்ததும் தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்று. பேரல் வாயின் விளிம்பில் முலாம் தேய்ந்த இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடுகிறது. முதலில் துரு என்று நினைத்தேன். லென்ஸில் பார்த்தால் செம்பு மாதிரி மின்னுகிறது. அது என்ன?

பழைய_இரும்பு

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. இப்போது துப்பாக்கி தன் கதையைத் தானே சொல்லிவிட்டது.

.767 என்பது தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். 3½ டன் என்பது அது தாங்க வேண்டிய அழுத்தம். பிரிட்டனில் ஒரு துப்பாக்கியை வணிகத்துக்கு விற்க வேண்டுமானால் பரிசோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்து இந்த முத்திரையைக் குத்தியாக வேண்டும். ராணுவச் சேவையில் இருக்கும்வரை அது தேவையில்லை. ஆகவே இது போர்க்காலத்தில் பிரிட்டனுக்குப் போயிருக்கிறது. போர் முடிந்ததும் உபரியென்று கழித்து, வியாபாரிகளுக்கு விற்றபோது இந்த முத்திரைகள் விழுந்திருக்கின்றன. ‘இங்கிலாந்தில் செய்ததல்ல’ என்ற வரியை 1950களின் நடுப்பகுதி வரை குத்தினார்கள். அப்புறம் அமெரிக்காவுக்கே திரும்பி வந்திருக்கிறது. இங்கே .38 ஸ்பெஷல்தான் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும் தோட்டா என்பதால் அறையைக் குடைந்து நீளமாக்கி விற்றார்கள். இப்படி வந்தவை ஏராளம். 1968 சட்டம் வரும்வரை பத்திரிகை விளம்பரம் பார்த்துப் பணம் அனுப்பினால் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும்.

குடைந்ததால் வரும் சிக்கலையும் சொல்கிறேன். நீளத்தைக் கூட்டலாம், அகலத்தைக் குறைக்க முடியாதே. அறையின் பின்பாதி தடித்த தோட்டாவுக்கான அளவிலேயே இருக்கும். ஒல்லியான ஸ்பெஷல் கூடு அங்கே பிடிமானமில்லாமல் உப்பும், சிலசமயம் கிழியும். இதை யாரும் சுட வேண்டாம்.

தோட்டா போட்டு வைக்கவும் வேண்டாம். 1944 கடைசியில் ஒரு கப்பலில் விக்டரி ஒன்று கீழே விழுந்து வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் உள்ளே ஹேமரைத் தடுக்கும் பாகத்தை மாற்றி, நம்பரில் ‘எஸ்’ என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். உங்களுடையதில் ‘வி’ மட்டும்தான் என்றால் அது பழைய அமைப்பு.

சேகரிப்பாளர் கணக்கில் விலை என்று பார்த்தால், மூலப்பூச்சு போனது, அறை மாறியது, வளையமும் மரமும் இல்லை. விக்டரி வரிசையில் அடிமட்ட விலைதான். 3000 என்றவர் சொன்ன ‘பரிசு நிக்கல்’ என்பது இந்தத் துப்பாக்கியில் இல்லவே இல்லை. இது நிக்கல்கூட இல்லை.

அந்தச் செம்புக் கோடு எனக்குப் பிடித்துப்போயிற்று. ராஜன், நீங்கள் சொல்லுங்கள்.

ராஜன்_மெக்கானிக்

செம்பு, அதன்மேல் நிக்கல், அதன்மேல் மெல்லிசாகக் குரோம். கார் பம்பருக்குப் போடும் வரிசை அது. துப்பாக்கிக் கடைக்காரர் செய்யும் வேலை மாதிரி தெரியவில்லை. பம்பர் முலாம் போடும் தொட்டியில்தான் இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் டொலீடோ கார் பாகம் செய்யும் ஊர், அங்கே அப்படிப்பட்ட பட்டறைக்குப் பஞ்சமா?

முரளி87

அப்படியானால் அப்பா போரிலிருந்து கொண்டுவந்தது என்பது பொய்யா? செந்தில் அண்ணா, இதை அந்த அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டுமா? வயதானவர். அந்த நினைப்போடே இருந்துவிட்டுப் போகட்டுமே.

கவிதா_அரிசோனா

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது முரளி. ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த கண்காட்சியில் இன்னொருவர் வேறு கதை கட்டுவார். யாராவது அந்தக் கதையை நம்பி வாங்கினால் அவரும் ஏமாறுவார். துப்பாக்கி உலகில் கதைக்கு எவ்வளவு விலை என்று பாருங்கள். பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட பாட் காரெட்டின் கோல்ட் 2021ல் ஏலத்தில் அறுபது லட்சம் டாலருக்கு மேல் போனது. பளபளப்புக்காகவா? கையிலிருந்து கைக்கு எப்படி வந்தது என்று அடுக்கடுக்காகக் காகிதம் இருந்தது. காகிதம் இல்லாத கதையை நான் விலையில் சேர்ப்பதில்லை. யாரையும் சேர்க்கவும் சொல்வதில்லை.

பழைய_இரும்பு

பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் ரிவால்வரையும் நினைத்துப் பாருங்கள். மூழ்கிய மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து எடுத்த கோல்ட். அதை வைத்துக்கொண்டு 1898ல் கியூபாவில் சான் ஹுவான் குன்றுச் சண்டைக்குப் போனார். மாடலாகப் பார்த்தால் பெரிய அபூர்வம் ஒன்றுமில்லை. 1990ல் அவர் வீட்டு அருங்காட்சியகத்திலிருந்து திருடு போய் 2006ல்தான் கிடைத்தது. அதில் பொறித்திருந்த எழுத்துகள் இருந்ததால் இது அதுதான் என்று சொல்ல முடிந்தது.

தம்பி, சொல்லிவிடுங்கள். ஆனால் ‘பொய்’ என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். துப்பாக்கியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அவர் கையிலேயே லென்ஸைக் கொடுத்துக் காட்டுங்கள். அவர் அப்பா கடற்படையில் இருந்தது உண்மை, அதைத் துப்பாக்கி மறுக்கவில்லை. அப்புறம் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

செந்தில்_டொலீடோ

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அண்ணா சொன்ன மாதிரியே செய்தேன். லென்ஸைக் கையில் கொடுத்து கிரீட முத்திரையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், போரிலிருந்து கொண்டுவந்தது என்று அப்பா ஒருநாளும் தன்னிடம் சொன்னதில்லை, தன் தம்பி சொல்லித்தான் அப்படிப் பேச்சு வந்தது என்றார். அப்பா போரைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டாராம்.

வேலை என்ன என்று கேட்டேன். போர் முடிந்து வந்தவர் இங்கேயே ஒரு முலாம் பட்டறையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாராம். பம்பர்தான்! ராஜன் அண்ணா எழுதியதை அந்த இடத்திலேயே மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்றையும் சொன்னதும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் ஒரு தேநீர் வடிகட்டியையும் ஒரு கதவுக் கைப்பிடியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சனிக்கிழமைகளில் அப்பா வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோய்ப் பட்டறைத் தொட்டியில் முக்கி எடுத்து வருவாராம். கைப்பிடியின் விளிம்பில் அதே சிவப்புக் கோடு இருக்கிறது. லென்ஸில் நானே பார்த்தேன்.

விற்கவில்லை என்று சொல்லிவிட்டார். பட்டறையில் அப்பாவோடு இருந்த ஒருவரின் மகனைத் தெரியுமாம், அவரிடமும் காட்ட வேண்டும் என்கிறார். இப்போது எனக்கு ஒரு கேள்விதான் மிச்சம். இதை எப்படி வைத்துக்கொள்ளச் சொல்வது? அதே காலுறையில் இருக்கலாமா?

ராஜன்_மெக்கானிக்

காலுறை வேண்டாம், கம்பளி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தோல் உறையிலும் போட வேண்டாம். தோல் பதனிடும் உப்பும் அமிலமும் முலாமுக்குள் ஊறி ஓரத்தில் கொப்புளம் கிளப்பும். சிலிக்கான் தடவிய துப்பாக்கித் துணி உறை கிடைக்கும், அது போதும். பூட்டிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு.

துடைக்க லேசான எண்ணெய் மட்டும். அம்மோனியா கலந்த பேரல் கழுவும் திரவத்தை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். பேரல் வாயில் முலாம் திறந்திருக்கும் அந்த இடத்தில் அம்மோனியா உள்ளே போனால் செம்பைத் தின்றுவிடும், மேலே இருக்கும் குரோம் தோல் மாதிரி உரிந்துவரும். அந்தச் சிவப்புக் கோட்டில் ஒரு சொட்டு எண்ணெயை விரலால் தடவி விடுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை.

செந்தில்_டொலீடோ

சரி அண்ணா. நாளைக்கே உறை வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். கதவுக் கைப்பிடிக்கும் அதே எண்ணெய்தானா என்று கேட்கிறார்.

ராஜன்_மெக்கானிக்

அதே எண்ணெய்தான்.